எழுதியவனும் எழுத்தும்

ஒரு பாடகர் மேடையில் மனமுருகப் பாடிவிட்டு, மறுநாள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கிறார். அதில் அவர் சொன்ன ஏதோ ஒன்று நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. "இனி இந்த மனிதரின் பாட்டு இந்த வீட்டில் ஒலிக்கக் கூடாது" என்கிறார் குடும்பத் தலைவர். ஒரு சோப்புக் கம்பெனி முதலாளி ஏதோ ஒரு ஜாதியைப் பற்றியோ, மதத்தைப் பற்றியோ, பெண்களைப் பற்றியோ தாறுமாறாகப் பேசிவிடுகிறார். "அந்தச் சோப்பை இனி வாங்காதீர்கள்" என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழுகிறது. பத்து நாளில் பேச்சு அடங்குகிறது. சோப்பு பழையபடி குளியலறைக்கு வந்துவிடுகிறது. பாட்டும் கூடத்துக்கு வந்துவிடுகிறது. கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது. ஒரு மனிதனுடைய சொந்த அபிப்பிராயத்துக்காக அவனுடைய கலையையும் அவன் விற்கும் சரக்கையும் நாம் ஒதுக்கத்தான் வேண்டுமா? அப்படி ஒதுக்குவது தர்மமா, அல்லது தர்மத்தின் வேஷம் போட்டுக்கொண்ட கோபமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "கலை வேறு, கலைஞன் வேறு, மாம்பழம் தித்திக்கிறதா என்று பார், தோட்டக்காரன் யோக்கியனா என்று பார்க்காதே" என்பது ஒன்று. "பாத்திரத்தில் விஷம் இருந்தால் அதில் ஊற்றிய பாலும் விஷம்தான்" என்பது மற்றொன்று. இரண்டுமே கேட்பதற்கு நன்றாக இருக்கின்றன. இரண்டுக்குமே ஒரு பொதுவான வசதி உண்டு: அவற்றைச் சொல்லிவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை. யோசிக்க வேண்டாம் என்று சொல்லும் பதில்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆகையால் பொதுவாகப் பேசுவதை விட்டு, ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நட் ஹாம்சன் என்ற பெயரைத் தமிழ் நாவல் வாசகர்களில் பலர் அறிவார்கள். 'நிலவளம்' என்ற தலைப்பில் க.நா.சுப்ரமண்யம் தமிழாக்கித் தந்த நாவலின் ஆசிரியர் அவர். 1859-ல் நார்வேயில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. பசித்த வயிற்றோடு நகரத் தெருக்களில் அலைந்த அனுபவத்தைக் கொண்டு 1890-ல் 'பசி' என்ற நாவலை எழுதினார். அது ஐரோப்பிய நாவலின் போக்கையே திருப்பிவிட்டது. 1917-ல் 'நிலவளம்' வெளிவந்தது. 1920-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'நிலவளம்' படித்தவர்களுக்கு ஐசக் என்ற குடியானவனை மறக்க முடியாது. மனித வாடையே இல்லாத காட்டுக்குள் தனியாக நடந்து போகிறான். நிலத்தைத் திருத்துகிறான், குடிசை போடுகிறான், ஆடு வளர்க்கிறான். அவனைத் தேடிக்கொண்டு இங்கர் என்ற பெண் வருகிறாள். அவளுக்கு மேலுதடு பிளந்த முகம். அதனால் ஊரார் கேலிக்கு ஆளாகி, கல்யாணமாகாமல் நின்றவள். இருவரும் உழைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பண்ணை வளர்கிறது. வேறு பெரிய சம்பவம் எதுவும் இல்லாமலே மண்ணின் வாசனையும் மனித உழைப்பின் கௌரவமும் நம்மைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. நார்வேயில் எழுதிய கதை நம் தஞ்சாவூர்ப் பக்கத்து, கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவனுக்கும் பொருந்துகிறதே என்று வியக்கிறோம்.

இதை எழுதிய கைதான் பிற்காலத்தில் வேறு சிலவற்றையும் எழுதியது.

1935-ல் கார்ல் ஃபான் ஒஸியெட்ஸ்கி என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் ஹிட்லரின் சித்திரவதை முகாமில் கிடந்தார். யுத்தத்தை எதிர்த்து எழுதியவர் அவர். அவருக்குச் சமாதான நோபல் பரிசு கொடுக்க வேண்டும் என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது, ஹாம்சன் நார்வேப் பத்திரிகைகளில் அவரைத் தாக்கி எழுதினார். கம்பி வேலிக்குள் கிடப்பவனால் திருப்பிப் பதில் எழுத முடியாது என்பதுகூட அந்தப் பெரிய எழுத்தாளருக்குத் தோன்றவில்லை. முப்பத்துக்கும் மேற்பட்ட நார்வே எழுத்தாளர்கள் ஹாம்சனைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயைப் பிடித்தது. தம் நாட்டு வாலிபர்களைத் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்படி ஹாம்சன் எழுதினார். 1943-ல் தமக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1945 மே மாதம் ஹிட்லர் செத்து, யுத்தம் தோற்றுப்போய், இனி யாரையும் குளிர்விக்க வேண்டிய அவசியமே இல்லாத நிலையிலும், அவனைப் புகழ்ந்து இரங்கல் எழுதினார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தில் மரண தண்டனை பெற்ற நார்வேக்காரர்கள் சிலருக்காக அவர் தந்தி அடித்து மன்றாடியதுண்டு. 1943-ல் ஹிட்லரை நேரில் சந்தித்தபோது, நார்வேயை ஆண்டுகொண்டிருந்த ஜெர்மானிய அதிகாரியின் கொடுமையைப் பற்றி முகத்துக்கு நேரே புகார் சொல்லி, ஹிட்லரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். ஆயினும் அவருடைய விசுவாசம் கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே இருந்தது. யுத்தம் முடிந்ததும் டாக்டர்கள் அவருடைய மனத்தைப் பரிசோதித்தார்கள். கோர்ட்டு மூன்று லட்சத்து இருபத்தையாயிரம் குரோனர் அவர் செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. 1949-ல் அந்த அனுபவங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அற்புதமான உரைநடை என்று அதையும் சொல்கிறார்கள். அதில் பச்சாத்தாபம் மட்டும் இல்லை. 1952-ல் காலமானார்.

இப்போது 'நிலவளம்' நம் அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வது? பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிடுவதா, அல்லது இந்தக் கதையெல்லாம் நமக்கெதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு படிப்பதா?

கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஹாம்சனின் அபிப்பிராயங்கள் புத்தகத்துக்கு வெளியே வாசலில் செருப்போடு நிற்கவில்லை, உள்ளேயும் வந்திருக்கின்றன. நார்வேயின் வடக்கே வாழும் பழங்குடியினரான லாப்பியர்களை 'நிலவளம்' எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். கர்ப்பிணியாக இருக்கும் இங்கரிடம் ஒரு முயலைக் காட்டிக் கெட்ட சகுனத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவன் ஒரு லாப்பியன். நிலத்தில் வேரூன்றி உழைப்பவன் உயர்ந்தவன், அலைந்து திரிபவன் ஈனன் என்ற எண்ணம் அங்கே பளிச்சென்று தெரிகிறது. 1917-ல் அது ஒரு நாவலாசிரியனின் ருசிபேதமாகத் தோன்றியிருக்கலாம். பின்னால் வந்ததை அறிந்த நமக்கு அப்படித் தோன்றாது. மண்ணையும் ரத்தத்தையும் சேர்த்துப் பூஜை செய்த ஒரு கட்சி இந்த நாவலைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆகவே "கலை வேறு, கலைஞன் வேறு" என்ற வசதியான சுவர் இங்கே நிற்கவில்லை.

ஆனால் விஷப் பாத்திரம் என்கிற மற்றக் கட்சியும் நிற்கவில்லை. அதற்கு இங்கரே சாட்சி.

1915-ல், அதாவது 'நிலவளம்' வெளிவருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால், பெற்ற சிசுவைக் கொன்றுவிடும் தாய்மார்களைப் பற்றி ஹாம்சன் பத்திரிகையில் ஆவேசமாக எழுதினார். அவர்களுக்குக் கோர்ட்டுகள் இரக்கம் காட்டுவது அநியாயம், தூக்கில்தான் போட வேண்டும் என்பது அவருடைய கட்சி. நார்வேயில் பெரிய விவாதமே நடந்தது. இது அந்த மனிதரின் அபிப்பிராயம். சந்தேகத்துக்கு இடமில்லாத, இரக்கமே இல்லாத அபிப்பிராயம்.

அதே மனிதர் நாவல் எழுத உட்கார்ந்தார். இங்கருக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. தாய்க்கு இருக்கிற அதே பிளந்த உதடு மகளுக்கும். தான் பட்ட அவமானம் முழுவதையும் இந்தச் சிசுவும் படப்போகிறதே என்ற நினைப்பில், அந்த நிமிஷத்திலேயே அவள் குழந்தையைக் கொன்று புதைத்துவிடுகிறாள். விஷயம் வெளியாகிறது; ஜெயிலுக்குப் போகிறாள். பத்திரிகையில் எழுதிய ஹாம்சனின் தீர்ப்புப்படி அவள் தூக்கில் தொங்கியிருக்க வேண்டும். நாவலாசிரியர் ஹாம்சன் அவளைத் தூக்கில் போடவில்லை. ஜெயிலில் அவள் படிக்கிறாள், தையல் கற்றுக்கொள்கிறாள், உதட்டையும் சரிசெய்துகொள்கிறாள். ஊர் திரும்புகிறாள். காட்டில் ஒற்றையாகப் பல வருஷம் மாடாய் உழைத்துக்கொண்டு காத்திருந்த ஐசக் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் அவளை ஏற்றுக்கொள்கிறான். படிக்கிற நமக்கும் அவளைக் கொலைகாரி என்று நினைக்கத் தோன்றுவதில்லை. அவளோடு சேர்ந்து நாமும் அந்தச் சின்னக் குழி பக்கம் போகும்போது தலை குனிந்துகொள்கிறோம்.

பழைய அபிப்பிராயம் நாவலை விட்டு முற்றும் ஓடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதே நாவலில் பார்ப்ரோ என்ற இன்னொரு பெண்ணும் சிசுவைக் கொல்கிறாள். அவளை விடுதலை செய்கிற கோர்ட்டையும் அவளுக்காகப் பரிந்து பேசுகிற சீமாட்டியையும் ஹாம்சன் கேலி செய்யாமல் விடவில்லை. பத்திரிகைக் கட்டுரைக்காரர் அங்கே மறுபடி எட்டிப் பார்க்கிறார். ஆனால் இங்கரிடம் வந்தபோது அவருடைய அபிப்பிராயம் தோற்றுப்போயிற்று. அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அவருடைய கை அவருடைய வாயைவிட நல்ல கையாக இருந்துவிட்டது.

எழுதுகிற தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இது எனக்கு அதிசயமாகப் படவில்லை. ஒரு பாத்திரத்தைப் பக்கம் பக்கமாகக் கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிறபோது, அவளுக்கு எப்போது பசிக்கும், எதைக் கண்டு பயப்படுவாள், ராத்திரியில் எதை நினைத்து விழித்துக்கொண்டிருப்பாள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவும் தெரிந்த பிறகு அவளைத் தூக்கில் போடு என்று எழுதக் கை வருவதில்லை. அபிப்பிராயம் சொல்வதற்கு இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம். முகம் தெரியாதவர்களைப் பற்றித்தான் நாம் மிகவும் உறுதியான அபிப்பிராயங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஹாம்சனுக்கு ஒஸியெட்ஸ்கி முகம் தெரியாதவர். இங்கர் முகம் தெரிந்தவள். அந்த மனிதருடைய குற்றத்துக்கும் அந்தப் புத்தகத்தின் மேன்மைக்கும் இடையே உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. புத்தகத்தைத் தூக்கி எறிந்தால், ஹாம்சனின் கெடுதலுக்கு எதிராக ஹாம்சனே சொல்லியிருக்கும் சாட்சியத்தையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

ஐசக் பஷேவிஸ் சிங்கர் என்ற யூத எழுத்தாளர் போலந்தில் பிறந்தவர். ஹிட்லர் அழித்த யூத உலகத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவர் இளமையில் ஹாம்சனின் சில நாவல்களைத் தம் தாய்மொழியான இட்டிஷ் மொழியில் பெயர்த்தார். அதற்குப் பின்னால்தான் அத்தனை கொடுமையும் நடந்தது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, 1967-ல் 'பசி' நாவலின் ஆங்கிலப் பதிப்புக்கு அவரே முன்னுரை எழுதி, இந்த நூற்றாண்டின் நவீனக் கதை இலக்கியமே ஹாம்சனிடமிருந்துதான் வந்தது என்று சொன்னார். ஹாம்சனை மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவன் கெட்டவனாகப் போய்விட்டான் என்பதற்காகக் கணக்கைத் திருத்தி எழுத மாட்டான். அந்த நேர்மைதான் இது.

அப்படியானால் பகிஷ்காரமே கூடாதா? நம் தேசத்தில் பிறந்த ஒருவன் அப்படிச் சொல்லத் துணிய மாட்டான். அந்நியத் துணியை எரித்து வளர்ந்த தேசம் இது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கப்பலில் ஏறாதே என்பதுதானே மூலமந்திரம்? ஆனால் அந்தப் பகிஷ்காரங்கள் எதற்காக நடந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தில் பாய்காட் என்று ஒரு காப்டன் இருந்தார். ஏர்ன் பிரபு என்ற ஜமீன்தாருக்கு ஏஜெண்டு. 1880-ல் குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கச் சொன்னபோது, குறைக்காமல் அவர்களை நிலத்தை விட்டு வெளியேற்ற முனைந்தார். ஊர் முழுவதும் அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் நின்றார்கள்; கடைக்காரர்கள் சாமான் கொடுக்க மறுத்தார்கள். வயலில் விளைந்ததை அறுக்க வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக ஒரு பட்டாளத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. அறுத்த விளைச்சலின் விலையைவிடக் காவலுக்கு ஆன செலவு பல மடங்கு. அந்த வருஷ முடிவுக்குள் காப்டன் ஊரை விட்டே போனார். ஆங்கில பாஷையில் பகிஷ்காரத்துக்கு அவர் பெயரே வார்த்தையாக நின்றுவிட்டது. கவனியுங்கள்: காப்டனுக்கு அயர்லாந்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று யாரும் கேட்கவில்லை. அவர் செய்த காரியத்தை நிறுத்தவே ஒதுக்கினார்கள்.

காந்தியும் அப்படித்தான். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக இங்கிலாந்து போனவர், லங்காஷயரில் டார்வன் என்ற ஆலை ஊருக்குப் போனார். அவர் நடத்திய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை குறைந்து வாடிக்கொண்டிருந்த நெசவாலைத் தொழிலாளர்களின் ஊர் அது. அங்கே ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நெய்த துணியை ஒதுக்கியவர் அவர்களை ஒதுக்கவில்லை என்பது அந்த ஏழைப் பெண்களுக்குப் புரிந்திருந்தது.

செய்கையை நிறுத்தும் பகிஷ்காரத்துக்கும், அபிப்பிராயத்தைத் தண்டிக்கும் பகிஷ்காரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அபிப்பிராயமே செய்கையாக மாறும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் விஷயத்தில் அது நடந்தது.

ஃபோர்டுக்கு யூதர்களைக் கண்டால் ஆகாது. இது மனசுக்குள் இருந்தவரை அவருடைய சொந்தச் சமாசாரம். ஆனால் அவர் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கினார். 1920 முதல் அதில் யூதர்களைத் தூற்றும் கட்டுரைகள் வாரந்தோறும் வந்தன. அவற்றைப் புத்தகமாகவும் போட்டார்கள். அந்தப் புத்தகம் ஜெர்மனி வரைக்கும் போயிற்று. ஃபோர்டு கார் விற்கும் ஏஜெண்டுகள் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கார் வாங்குகிறவன் கொடுக்கும் பணம் அந்த அச்சு யந்திரத்துக்கு எண்ணெய் வார்த்தது. யூதர்கள் பலரும் அவர்களுடைய நண்பர்களும் ஃபோர்டு காரை ஒதுக்கினார்கள். ஒருவர் மானநஷ்ட வழக்கும் போட்டார். இரண்டும் சேர்ந்து நெருக்க, 1927-ல் ஃபோர்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், பத்திரிகையும் மூடப்பட்டது. இந்தப் பகிஷ்காரத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தன்னை அடிக்கிற தடிக்குத் தானே விலை கொடு என்று யாரையும் கேட்க முடியாது.

ஆனால் கதையின் மிச்சத்தையும் பாருங்கள். அந்த மன்னிப்புக் கடிதத்தின் வாசகத்தை எழுதியவர் ஃபோர்டு அல்ல. லூயி மார்ஷல் என்ற யூத வழக்கறிஞர். பதினொரு வருஷம் கழித்து, 1938-ல், தம் எழுபத்தைந்தாவது பிறந்த நாளன்று ஹிட்லர் அரசாங்கம் கொடுத்த பதக்கத்தை ஃபோர்டு மார்பில் குத்திக்கொண்டு நின்றார். பகிஷ்காரம் அவருடைய பத்திரிகையை மூடியது. அவருடைய மனத்தைத் திறக்கவில்லை. பகிஷ்காரத்தின் சக்தி அவ்வளவுதான். கெட்ட காரியத்தை நிறுத்தலாம். கெட்ட மனசை அது திருத்தும் என்று எதிர்பார்த்து அதைக் கையில் எடுப்பவன் ஏமாந்துதான் போவான்.

இன்னொரு வகைப் பகிஷ்காரம் இருக்கிறது. அதன் எதிரில் நம் தர்க்கமெல்லாம் வாயடைத்து நிற்க வேண்டும்.

ரிச்சர்ட் வாக்னர் என்ற ஜெர்மானிய சங்கீத மேதை 1883-லேயே இறந்துவிட்டார். ஹிட்லர் அப்போது பிறக்கக்கூட இல்லை. ஆனால் யூதர்களுக்குச் சங்கீதமே வராது என்ற ரீதியில் அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். ஹிட்லரோ அவருடைய சங்கீதத்தின் பெரிய பக்தன். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதக் கோயில்களைக் கொளுத்திய செய்தி வந்ததும், பாலஸ்தீனத்திலிருந்த யூத வாத்தியக் குழு தன் கச்சேரியிலிருந்து வாக்னரை எடுத்துவிட்டது. இஸ்ரேல் தனி நாடான பிறகும் அந்த வழக்கம் நீடித்தது. சட்டம் ஒன்றும் இல்லை, மனசுதான் சட்டம். 1981-ல் டெல் அவிவில் நம் பம்பாய்க்காரர் ஜுபின் மேத்தா, விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டு, கச்சேரி முடிவில் வாக்னரை வாசிக்கச் செய்தார். சபையிலிருந்து ஒருவர் மேடைக்கு வந்து, சட்டையைத் திறந்து, தம் உடம்பிலிருந்த தழும்புகளைக் காட்டினார். 2001-ல் ஜெருசலேமில் டேனியல் பாரன்பாயிம் என்ற யூத மேதை அரை மணி நேரம் சபையோரோடு விவாதித்துவிட்டு வாக்னரை வாசித்தார். சிலர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் உட்கார்ந்து கேட்டார்கள், கைதட்டினார்கள்.

அந்தத் தழும்புக்காரரிடம் போய், "ஐயா, சங்கீதம் வேறு, சங்கீதக்காரர் வேறு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு அந்த ஸ்வரங்கள் ஸ்வரங்களாகக் கேட்பதில்லை. அவரைக் கேட்கும்படி வற்புறுத்துவது கொடுமை. ஆனால் உட்கார்ந்து கேட்டவர்களும் துரோகிகள் அல்ல. அவர்களிலும் தழும்பு உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். புண்பட்டவன் ஒதுங்கிக்கொள்ளலாம், அது அவனுடைய உரிமை. அவனுக்காகப் புண்பட்டதாகச் சொல்லிக்கொண்டு, மற்றவன் காதையும் பொத்தப் போகிறவனிடம்தான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் பகிஷ்காரம் எப்போதும் எளியவன் கையிலேயே இருப்பதில்லை. நம் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்த்திக் கேட்டான், கோயிலுக்குள் வந்தான் என்பதற்காகச் சேரி ஜனங்களை ஊர்விலக்குச் செய்து, கடையில் சாமான் கொடுக்காமல், கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் பட்டினி போட்ட கதைகள் ஒன்றா இரண்டா? ஜெர்மனியில் லீப்சிக் நகரத்தில் மெண்டல்சன் என்ற சங்கீத மேதைக்குச் சிலை இருந்தது. பிறப்பால் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1936-ல் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். அவருடைய சங்கீதத்தையும் மேடையேற விடவில்லை. அதுவும் பகிஷ்காரம்தான். ஒதுக்குவது என்ற ஆயுதத்துக்குத் தானாக ஒரு தர்மம் கிடையாது. யார் கையில், யாரை நோக்கி, எதற்காக என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

நமக்கு ஒவ்வாத அபிப்பிராயம் ஒன்று. இன்னொரு மனிதனை மனிதனே இல்லை என்று சொல்லும் அபிப்பிராயம் வேறொன்று. நாம் இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறோம். 2024-ல் சென்னை மியூசிக் அகாதமி டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவித்தது. பெரியாரைப் புகழ்ந்து பேசியவர் அவர் என்பதையும் வேறு சில காரணங்களையும் சொல்லி, வித்வான்களும் விதுஷிகளும் சிலர் அந்த வருஷ விழாவிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள் விலகியது அவர்கள் உரிமை. மனம் ஒப்பாத சபையில் பாடு என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அவருடைய பாட்டுக்குக் கொடுக்கும் கௌரவத்தை அவருடைய அபிப்பிராயத்துக்காகக் கொடுக்காதே என்று கேட்பது வேறு விஷயம். அகாதமி அதற்கு இணங்காதது சரி என்றே நினைக்கிறேன். நாளை அந்த விலகியவர்களின் அபிப்பிராயம் பிடிக்காதவர்கள் அவர்களுக்கு மேடை கொடுக்காதே என்று கிளம்பினாலும் நான் இதையேதான் சொல்வேன். கடவுள் உண்டு என்பவனும் இல்லை என்பவனும் ஒரே பந்தலில் உட்கார்ந்து தோடி கேட்க முடியாது என்றால், தோடி யாருக்காக இருக்கிறது?

ஆகவே எனக்கு நானே சில கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கொடுக்கும் காசு இன்றைக்கு ஒருவனை அடிக்கும் தடியாக மாறுகிறதா? மாறுகிறது என்றால் காசு கொடுக்க மாட்டேன். சோப்பானாலும் சரி, சினிமாவானாலும் சரி, பத்து நாளோடு அதை மறந்துவிடவும் மாட்டேன். அடிபட்டவன் யார்? அவன் ஒதுங்கினால் அவனோடு வாதாட மாட்டேன். அந்த அபிப்பிராயம் அவனுடைய கலைக்குள் எங்கே புகுந்திருக்கிறது, எங்கே தோற்றிருக்கிறது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

படிப்பது வேறு, மாலை போடுவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 2009-ல் ஹாம்சனின் நூற்றைம்பதாவது பிறந்த ஆண்டை நார்வே கொண்டாடியது. அவர் வளர்ந்த ஹாமரோயில் அவர் பெயரால் ஒரு மண்டபமும் திறந்தார்கள். அவருடைய புத்தகங்களை ஆசையோடு படிக்கிறவர்களிலேயே பலர், விழா எதற்கு என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். சிலையும் தெருப் பெயரும் முழு மனிதனுக்கும் கொடுக்கும் மரியாதை. அதில் கோயபல்ஸுக்குப் போன பதக்கமும் சேர்ந்துவிடும். புத்தகத்தைப் படிப்பதில் அது சேராது. இறந்தவருக்கு நம் காசும் போகாது.

என் அலமாரியில் 'நிலவளம்' இருக்கிறது, இருக்கவும் இருக்கும். அதைக் கேட்டு வருகிற இளைஞர்களுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது ஒஸியெட்ஸ்கியைப் பற்றியும் சொல்லித்தான் கொடுக்கிறேன். இங்கரை நேசிக்கட்டும், லாப்பியன் வரும் பக்கங்களில் கொஞ்சம் நின்று, இந்த வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்றும் யோசிக்கட்டும். அது கொஞ்சம் சிரமமான வாசிப்புதான். தூக்கி எறிவதும் சுலபம், கண்ணை மூடிக்கொள்வதும் சுலபம் என்று இருக்கும்போது, இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளும் வாசகர்களை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.